வால்வை மூடியது யார்? தீயணைப்பு அமைப்பு வேலைக்கான பாதுகாப்புத் திட்டம், படிப்படியாக

2016 மார்ச் 13, இரவு நேரம். பாங்காக்கில் ஒரு வங்கியின் தலைமையகத்தில் தீயணைப்பு அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. தீ எங்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஆவணங்கள் வைத்திருந்த அறையில் தானியங்கி அமைப்பு இயங்கி, தீயை அடக்கும் ரசாயனத்தை அறை முழுக்க நிரப்பிவிட்டது. 8 பேர் இறந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2021 ஏப்ரல் 15 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் கூரைப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த கார்பன் டைஆக்சைடு அமைப்பு இயங்கிவிட்டது. 4 பேர் இறந்தார்கள். அங்கேயும் தீ இல்லை.

நம் வேலையில் ஆட்கள் உயரத்திலிருந்து விழுகிறார்கள், நழுவிய பைப்புக்கு அடியில் மாட்டுகிறார்கள், சம்ப்புக்குள் மூச்சடைத்துப் போகிறார்கள், கரன்ட் அடித்துச் சாகிறார்கள். இதெல்லாம் எந்தக் கட்டட வேலையிலும் நடப்பதுதான். நமக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. நாம் மாட்டுகிற, பராமரிக்கிற அமைப்பு முழுவதும் யாரும் கை வைக்காமல் தானே ஓடவேண்டும் என்று கட்டப்பட்டது. அர்த்தராத்திரியில் தீப்பிடித்தால் பம்ப் தானே ஓடும், வால்வு தானே திறக்கும், காஸ் தானே பாயும். பட்டப்பகலில் நம் கை உள்ளே இருக்கும்போதும் அது அதையேதான் செய்யும்.

அதனால் நான் எழுதுகிற எல்லாத் திட்டத்திலும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவேன். இதை மூடியது யார், மறுபடி திறக்கப்போவது யார்? ஒவ்வொரு வால்வுக்கும் ஸ்விட்சுக்கும் சாவிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் இருக்கவேண்டும். "மெயின்டனன்ஸ் டீம்" என்று எழுதினால் யாருமே இல்லை என்று அர்த்தம்.

படி 1: கொட்டேஷனுக்கு முன்பே சைட்டைச் சுற்றிப் பாருங்கள்

ஆர்டர் கிடைத்த பிறகு திட்டம் எழுத உட்காருபவர்கள்தான் அதிகம். அப்போது கையில் காசு இருக்காது. சாரம் வாடகை, கூடுதல் ஹார்னஸ் (உயரத்தில் உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை), காற்றைச் சோதிக்கும் மீட்டர், இரவுக் காவலுக்கு ஓர் ஆள் இதெல்லாம் கொட்டேஷனில் தனி வரியாக இல்லையென்றால் பின்னால் ஒருநாளும் வராது. "அதெல்லாம் உங்க ரேட்லயே அடங்கும் சார்" என்பார்கள்.

போகும்போது ஃபோர்மேனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்ஜினீயர் கண்ணுக்குப் பைப் எங்கே மாட்டப்படும் என்பது தெரியும். ஃபோர்மேன் கண்ணுக்கு அது எந்த வழியாக உள்ளே வரும் என்பது தெரியும். நான் பார்த்த காயங்களில் பாதிக்கு மேல் மாட்டும்போது பட்டவை அல்ல, தூக்கிக்கொண்டு போகும்போது பட்டவை.

முதலில் ஸ்லாப் எந்த வகை என்று கேளுங்கள். ஐடி பார்க், மால் போன்ற இடங்களில் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் சகஜம். கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிக் கற்றைகளை இழுத்து முறுக்கேற்றி வைத்திருப்பார்கள். இரண்டு தூணுக்கு நடுவில் அந்தக் கற்றை தொய்ந்து ஸ்லாப்பின் அடிப்பக்கத்துக்கு வெகு அருகில் வரும். நாம் ஹேங்கருக்காக (பைப்பைத் தொங்கவிடும் கம்பிக்காக) துளை போடுவதும் அதே அடிப்பக்கத்தில்தான். பிட் போய்க் கற்றையைத் தொட்டால் ஸ்லாப்பும் கெடும், அண்ணாந்து நிற்பவனின் உயிருக்கும் ஆபத்து. கற்றை போகும் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, சாக்பீஸால் கூரையில் கோடு போட்டு, டிரில் பிட்டில் எவ்வளவு ஆழம் என்பதற்கு டேப் சுற்றிய பிறகுதான் முதல் துளை.

அப்புறம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தலையை விட்டுப் பாருங்கள். கேபிள் ட்ரே, பஸ் டக்ட், ஏசி டக்ட், பழைய காலத்து வயர் எல்லாம் அங்கே இருக்கும். எது கரன்ட் உள்ளது, எது செத்தது என்று கட்டடத்து எலக்ட்ரீஷியன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். வாயால் சொன்னது போதாது.

படி 2: சட்டத்தைப் படியுங்கள், ஆனால் திட்டத்தை அதிலிருந்து காப்பி அடிக்காதீர்கள்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, தீயின் சூட்டில் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளருக்கு ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 15105, தீயணைப்புக் குழாய் மாட்டும் ஹைட்ரன்ட்டுக்கு ஐஎஸ் 3844, அலாரத்துக்கு ஐஎஸ் 2189, கையில் தூக்கும் அணைப்பான்களுக்கு ஐஎஸ் 2190. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். ஆனால் இவை எல்லாமே அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்பவை. மாட்டுகிற ஆள் எப்படிப் பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்கு வேறு இடத்தில் தேடவேண்டும். சாரத்துக்கும் ஏணிக்கும் ஐஎஸ் 3696 இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996, பிறகு வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு இரண்டையும் ஒருமுறையாவது புரட்டுங்கள்.

சட்டம் பெரிய எண்ணிக்கையில் ஆள் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் தனியாகப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்கிறது. நம் கேங் 12 பேர், மிஞ்சிப்போனால் 20 பேர். ஆகவே நமக்கென்று அப்படி ஒருவர் வரப்போவதில்லை. கேங்கில் ஒருவரை அந்த வேலைக்கு நியமியுங்கள். அவர் சூப்பர்வைசராக இருக்கக்கூடாது என்பது என் கட்சி. வேலை முடியவேண்டிய கவலை உள்ளவரும் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உள்ளவரும் ஒரே ஆளாக இருந்தால் எது ஜெயிக்கும் என்று நமக்குத் தெரியும்.

திட்டத்தை ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்று எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் 40 பக்க மாதிரியில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் கிளையன்ட் கோப்பில் அழகாக இருக்கும், ஃபிட்டர் கைக்குப் போகாது. நாங்கள் எழுதுகிற பக்கம் சுமாராக இப்படி இருக்கும்:

வேலை: இரண்டாம் அடித்தளத்திலிருந்து 4-ஆம் மாடி வரை 6 இன்ச் ரைசர் (செங்குத்தாக ஏறும் மெயின் பைப்) ஏற்றுவது.
ஆட்கள்: 6. ஷாஃப்ட்டுக்குள் (பைப் ஏறும் செங்குத்து வழிக்குள்) இருவர், செயின் பிளாக்கில் (சங்கிலியால் எடை தூக்கும் கருவியில்) ஒருவர், கீழே பைப் கட்ட இருவர், அடியில் யாரும் வராமல் பார்க்க ஒருவர்.
என்ன தப்பாகலாம்: பைப் நழுவும். ஆள் ஓட்டை வழியாக விழுவான். மேலேயிருந்து ஸ்பேனர் விழும்.
என்ன செய்கிறோம்: இரண்டு சுற்றுக் கட்டு, கொக்கியிலிருந்து கயிறு கழலாதபடி நாக்கு. எல்லா மாடியிலும் ஓட்டைக்கு மூடி. ஸ்பேனருக்குக் கயிறு.
நிறுத்தவேண்டிய நேரம்: கட்டுக் கயிறு நழுவுவது தெரிந்தால். மேலே இருப்பவர் குரல் கீழே கேட்கவில்லையென்றால். வேறு கான்ட்ராக்டர் அதே ஷாஃப்ட்டில் இறங்கினால்.
நிறுத்தச் சொல்பவர்: (ஒரே ஒரு பெயர்)

அவ்வளவுதான். கடைசிக்கு முந்தைய வரியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதியிருந்தால், அந்த நேரம் வரும்போது வாக்குவாதம் இருக்காது.

படி 3: ரைசரும் ஷாஃப்ட்டும்

மேலே காட்டிய பக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 6 இன்ச் சி கிளாஸ் (தடித்த சுவர் உள்ள) பைப் ஒரு மீட்டருக்கு 21 கிலோ சொச்சம். 6 மீட்டர் நீளம் ஏறத்தாழ 127 கிலோ. அதற்குள் தண்ணீர் நிரம்பினால் மீட்டருக்கு இன்னும் 19 கிலோ கூடும். காலியாக இருக்கும்போது தாங்கிய கிளாம்ப், தண்ணீர் ஏறிய பிறகும் தாங்கவேண்டும். ஒவ்வொரு மாடியிலும் கிளாம்ப் போட்டு நட்டை இறுக்கிய பிறகே செயின் பிளாக்கைத் தளர்த்துங்கள். "அடுத்த மாடிக்கும் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று நான்கு பைப்பின் எடையைச் செயின் பிளாக்கிலேயே தொங்கவிட்டுச் சாப்பிடப் போன கேங்கை நான் பார்த்திருக்கிறேன்.

ஷாஃப்ட் ஓட்டைக்கு மூடி போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ப்ளைவுட் பலகையைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போனால் அது மூடியே இல்லை, பொறி. வேறு வேலைக்காரர் வந்து "நல்ல பலகை கிடக்குதே" என்று இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைப்பார். கீழே ஓட்டை. பலகை மறைப்பதால் அவருக்கு அது தெரியவே தெரியாது. மூடியை ஸ்லாப்பில் ஆணி அடித்து இறுக்குங்கள். மேலே சிவப்பு பெயின்டில் "கீழே ஓட்டை, எடுக்காதே" என்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதுங்கள். சென்னை சைட்டுகளில் பாதிப் பேருக்கு மேல் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள். தமிழில் மட்டும் எழுதினால் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்டது மாதிரி.

படி 4: உயரம்

பெல்ட் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். லேன்யார்ட் (பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்கும் கயிறு) நீளம் 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் பொட்டலம் கிழிந்து விரிய 1.75 மீட்டர் வரை. முதுகுக் கொக்கியிலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கீழே தரையைத் தொடாமல் இருக்க ஒரு மீட்டர் இடைவெளி. கூட்டினால் 6 மீட்டர். இது கொக்கியை மாட்டிய இடத்திலிருந்து கீழே தேவைப்படும் உயரம். சாதாரண ஆபீஸ் மாடி 4 மீட்டர்தான். ஆகவே அங்கே இடுப்புக்கோ காலடிக்கோ நேரே கொக்கி மாட்டிக்கொண்டு ஸ்ப்ரிங்க்ளர் லைன் போடுபவர் விழுந்தால், பெல்ட் இழுத்துப் பிடிப்பதற்கு முன்பே தரை வந்துவிடும். அந்த உயரத்துக்குத் தலைக்கு மேலே மாட்டும் குட்டை லேன்யார்டோ தானே சுருண்டுகொள்ளும் பிளாக்கோதான் உதவும். அதைவிட நல்லது, பெல்ட்டே தேவைப்படாதபடி கைப்பிடி உள்ள மேடையில் நின்று வேலை செய்வது.

கொக்கியை எதில் மாட்டுவது? கேபிள் ட்ரேயில் வேண்டாம். நாம் இப்போதுதான் தொங்கவிட்ட ஸ்ப்ரிங்க்ளர் பைப்பில் வேண்டவே வேண்டாம். அந்தப் பைப் ஹேங்கர் ராட் பைப்பின் எடைக்குக் கணக்குப் போட்டது, விழுகிற மனிதனுக்கு அல்ல.

சக்கரம் வைத்த சாரத்தில் இன்னொரு கெட்ட பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. மேலே ஆள் நிற்கும்போதே கீழேயிருந்து தள்ளுவது. இறங்கி ஏற ஒரு நிமிடம் ஆகும் என்பதற்காக. இதற்கு நான் சமாதானமே கேட்பதில்லை, அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். தரையில் ஒரு கேபிள், ஒரு டைல்ஸ் துண்டு போதும் சாரம் கவிழ.

ஏணி ஏறி இறங்க மட்டும்தான். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற சாய்வு, மேல் முனை தளத்துக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருப்பது, இரண்டையும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

படி 5: கட்டிங், திரெட்டிங், வெல்டிங்

பைப் முனையில் மரை போடும் திரெட்டிங் மெஷின் முன்னால் கையுறை போடாதீர்கள். பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவன் கையுறையைக் கழற்றச் சொல்கிறானே என்று புதுப் பையன்கள் முழிப்பார்கள். சுழலும் பைப்பில் கையுறையின் ஒரு நூல் சிக்கினால் விரலோடு இழுத்துக்கொண்டு போகும். முழுக்கைச் சட்டையின் பட்டன், கழுத்துத் துண்டு, லுங்கி எல்லாவற்றுக்கும் இதே கதை. காலால் மிதிக்கும் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று காலையில் ஒருமுறை பாருங்கள். ஒயரைப் பிய்த்து நேராக இணைத்து வைத்திருப்பார்கள்.

4 இன்ச் கிரைண்டரில் கார்டை (டிஸ்க்கைச் சுற்றியுள்ள தடுப்பை) கழற்றிவிட்டு 5 இன்ச் டிஸ்க் போடுவதும் அப்படித்தான். அந்தச் சின்ன மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். பெரிய டிஸ்க்கின் விளிம்பு அதே சுற்றில் இன்னும் வேகமாகப் போகும், தடுக்கக் கார்டும் இல்லை. உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பை வெல்ட் செய்த அன்று சாயங்காலம் குளிர் ஜுரம் வருவது வெல்டர்களுக்குப் பழக்கமான விஷயம். துத்தநாகப் புகையால் வருவது அது. பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் சரியாகும் என்று நம்புகிறார்கள். புகை உள்ளே போன பிறகு பால் ஒன்றும் செய்யாது. வெல்ட் செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுங்கள், புகையை இழுக்க ஃபேன் வையுங்கள், சரியான மாஸ்க் கொடுங்கள்.

நெருப்பு வேலைக்குப் பெர்மிட் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் பெயருக்குப் போடப்படும் வரி, வேலை முடிந்த பிறகான காவல். அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ-வின் 51பி தரநிலை சுற்றி 35 அடி தூரம் வரை எரியும் பொருளை அகற்றவோ மூடவோ சொல்கிறது. வேலை முடிந்த பிறகு முன்பு அரை மணி நேரக் காவல் கேட்டது, 2019 பதிப்பிலிருந்து ஒரு மணி நேரம் கேட்கிறது. கனன்றுகொண்டே கிடக்கும் பொறி ஆள் போன பிறகுதான் பற்றும். வெல்டிங்கை மாலை 4 மணிக்கு நிறுத்தினால், 5 மணி வரை காவல், 5 மணிக்குக் கிளம்பலாம். திட்டத்தில் இப்படி நேரத்தோடு எழுதினால்தான் அந்த ஒரு மணி நேரம் பிழைக்கும்.

படி 6: பிரஷர் டெஸ்ட்

பொதுவாக வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி 2 மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். 10 பார் அமைப்பென்றால் 15 பார். 6 இன்ச் பைப்பின் முனையில் மாட்டிய மூடியின் மேல் அப்போது எவ்வளவு விசை அழுத்தும் தெரியுமா? 3 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதாவது இரண்டு காரின் எடை அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு கசிகிறதா என்று யாரும் குனிந்து பார்க்கக்கூடாது.

தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை ஏற்றிச் சோதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தண்ணீர் அமுங்குவதில்லை, ஒரு கப்ளிங் கழன்றால் பீச்சியடித்து அத்தோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்று சுருட்டி வைத்த ஸ்ப்ரிங் மாதிரி, விட்டால் பைப்பையே தூக்கி எறியும். அதே காரணத்துக்காகத் தண்ணீர் ஏற்றும்போது மேல் முனையில் காற்றை முழுவதும் வெளியேற்றவேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியும் ஸ்ப்ரிங்தான்.

அழுத்தம் காட்டும் கேஜ் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். 60 மீட்டர் கட்டடத்தின் மேல்மாடிக் கேஜில் 15 பார் காட்டினால் அடித்தளத்துப் பைப் 21 பார் தாங்கிக்கொண்டிருக்கும். கேஜ் கீழேயும் இருக்கட்டும், மேலேயும் இருக்கட்டும்.

கசிவு தெரிந்தால் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கவேண்டும். "ஒரு கால் சுத்து, அவ்வளவுதான் சார்" என்று அழுத்தத்தோடு கப்ளிங் நட்டை இறுக்கப் போகிறவரைத் தடுப்பதுதான் அன்றைக்கு உங்கள் முழுநேர வேலை. அப்புறம், தண்ணீரை எங்கே வடிப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு சைட்டில் நாங்கள் வடித்த தண்ணீர் நேராக லிஃப்ட் குழிக்குள் போய்விட்டது. அங்கே லிஃப்ட் கம்பெனி ஆள் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். நல்ல வேளை, முழங்கால் நனைந்ததோடு போயிற்று.

படி 7: பம்ப் ரூமும் சம்ப்பும்

பராமரிப்புக்குப் போகும் ஃபிட்டர்கள் பம்ப் ரூமில் செய்யும் தப்பு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பேனலில் மெயின் பம்ப்பை ஆஃப் செய்துவிட்டு எல்லாம் ஆஃப் என்று நினைப்பது. ஜாக்கி பம்ப் (சின்னக் கசிவை ஈடுகட்டும் குட்டி பம்ப்), மெயின் பம்ப், டீசல் பம்ப் மூன்றும் ஹெடரில் (மூன்றும் சேரும் பொதுப் பைப்பில்) அழுத்தம் இறங்க இறங்க வரிசையாக ஓடத் தொடங்கும்படி அமைக்கப்பட்டவை. நீங்கள் வால்வு மாற்றுவதற்காக லைனை வடிக்கிறீர்கள். அழுத்தம் இறங்குகிறது. பேனலுக்கு அது தீ. மெயின் பம்ப் ஓடவில்லை என்று பார்த்ததும் டீசல் இன்ஜினை எழுப்பும். அது கரன்ட்டை நம்பி இல்லை, பேட்டரியை நம்பி இருக்கிறது. ஆகவே மின்சாரப் பேனலில் எத்தனை பூட்டு போட்டாலும் டீசல் நிற்காது. மூன்றையும் மேனுவலுக்கு மாற்றி, மின்சார பம்ப் இரண்டின் ஐசொலேட்டரிலும் (கரன்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்சிலும்) பூட்டுப் போட்டு, டீசலின் பேட்டரி ஒயரைக் கழற்றி, அந்த இடத்திலும் டேக் தொங்கவிடுங்கள். பூட்டின் சாவி வேலை செய்கிறவரின் பாக்கெட்டில் இருக்கவேண்டும். மேஜை மேல் அல்ல.

அடுத்து சம்ப். ஃபுட் வால்வு (தண்ணீர் உறிஞ்சும் பைப்பின் அடி முனை வால்வு) அடைத்துக்கொண்டது, உள்ளே இறங்கிப் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் வரும். சுத்தமான தண்ணீர்த் தொட்டிதானே என்ற அலட்சியம் வேண்டாம். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் துருவும் அழுகலும் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். புதிதாக எபாக்சி பூசியிருந்தால் அதன் ஆவி இருக்கும். தண்ணீர் இறைக்க டீசல் மோட்டாரை உள்ளேயோ மேன்ஹோல் பக்கத்திலோ வைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும், அதற்கு வாசனையே கிடையாது.

இறங்குவதற்கு முன்பு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கக்கூடாது. ஊதுகுழல் ஃபேன் வேலை முடியும்வரை ஓடட்டும். இறங்குபவர் இடுப்பில் அல்ல, முழு ஹார்னஸில் கயிறு, மேலே மூன்று கால் தாங்கியும் (டிரைபாட்) கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும். வாயிலில் ஒருவர் நிற்கவேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது. உள்ளே இருப்பவர் மயங்கினால் வெளியே நிற்பவர் இறங்கவே கூடாது. தம்பி விழுந்தானே என்று அண்ணன் குதிப்பான், அண்ணனுக்காக மாமன் குதிப்பான். கழிவுநீர்த் தொட்டி மரணச் செய்திகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். வின்ச்சைச் சுற்றி மேலே இழுக்க முடியாத ஏற்பாடு என்றால் அன்றைக்கு இறக்கவேண்டாம்.

படி 8: காஸ் அமைப்பும் பேனலும்

பாங்காக், டோக்கியோ கதை நம்மிடம் நடக்கக்கூடிய இடம் இதுதான். சர்வர் அறை, மின் அறை, ஆவண அறை. கார்பன் டைஆக்சைடு அமைப்பில் தீயணைக்கக் குறைந்தது 34 சதவீத செறிவு வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். மனிதன் 10 சதவீதத்திலேயே சீக்கிரம் நினைவிழந்துவிடுவான். ஓடித் தப்பிக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. எஃப்எம் 200 போன்ற காஸ்கள் அந்த அளவுக்குக் கொடியவை அல்ல. ஆனாலும் பாய்கிற வேகத்தில் சீலிங் டைல்ஸ் பறக்கும், பீதியில் ஏணியிலிருந்து ஆள் விழுவான்.

பராமரிப்புக்குப் போனால் நாங்கள் பின்பற்றும் வரிசை இது. முதலில் கட்டடப் பொறுப்பாளருக்குச் சொல்லி எழுத்தில் அனுமதி. அறைக்குள் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி. பிறகு பேனலை மேனுவலுக்கு மாற்றுவது. இங்கேயே நிறுத்திவிட்டு, புகையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரைச் சோதிக்கத் தொடங்குபவர்கள் உண்டு, நிறுத்தக்கூடாது. சிலிண்டர் தலையில் இருந்து அதைத் திறக்கும் ஆக்சுவேட்டரைக் கையால் கழற்றித் தனியே வைக்கவேண்டும். ஸ்விட்ச், சாப்ட்வேர், பேனல் எல்லாம் பொய் சொல்லலாம், கழற்றிய ஆக்சுவேட்டர் சிலிண்டரைத் திறக்காது. கழற்றியவரே எத்தனை கழற்றினார் என்று எண்ணித் தாளில் எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் டிடெக்டர்.

மறுபடி மாட்டுவது அதைவிட நுணுக்கம். முதலில் பேனலை ரீசெட் செய்து, ஆக்சுவேட்டரின் ஊசி உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் மாட்டவேண்டும். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது மாட்டினால் மாட்டிய அந்த நொடியே காஸ் பாயும்.

சிலிண்டரை இடம் மாற்றுவதாக இருந்தால் கிளாம்ப்பைக் கழற்றுமுன் வாயில் மூடி போடுங்கள். மூடி இல்லாமல் உருண்டு வால்வு உடைந்தால் ராக்கெட்தான், சுவர் அதற்கு ஒரு பொருட்டல்ல.

டிடெக்டரை ஊதுபத்தி காட்டிச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பீடி குடித்து ஊதுபவரையும் பார்த்திருக்கிறேன். அதற்கென்று ஸ்ப்ரே கேன் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அலாரம் அடித்தால் லிஃப்ட் கீழே இறங்கும், ஏசி நிற்கும், கதவுப் பூட்டு திறந்துகொள்ளும். மருத்துவமனையில் இதை முன்கூட்டிச் சொல்லாமல் செய்தால் ஆபரேஷன் தியேட்டரில் ஏசி நிற்கும். எதையெல்லாம் தற்காலிகமாகத் துண்டிக்கப்போகிறோம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

படி 9: அமைப்பு தூங்கும் நேரத்தில் கட்டடத்துக்கு யார் காவல்

நாம் வால்வை மூடிய நிமிடத்திலிருந்து மேலே இருக்கும் ஆயிரம் பேருக்கு ஸ்ப்ரிங்க்ளர் இல்லை. நம் ஆட்களை மட்டும் காப்பாற்றுகிற திட்டம் அரைத் திட்டம். ஒரே நேரத்தில் ஒரு மண்டலத்தை மட்டும் மூடுங்கள். அந்த மாடியில் வெல்டிங், சமையல், பூஜைக் கற்பூரம் உட்பட எல்லாவற்றையும் அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கூடுதல் அணைப்பான்களைக் கொண்டுவந்து வையுங்கள். என்எஃப்பிஏ கணக்கில் தண்ணீர் அமைப்பு 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கு மேலும், அலாரம் 4 மணி நேரத்துக்கு மேலும் படுத்திருந்தால் சுற்றி வர ஆள் போடவேண்டும், இல்லையென்றால் காலி செய்யவேண்டும். நம் ஊர்க் கட்டடங்களுக்கு இது நல்ல கடிவாளம்.

ஏப்ரல் மாதம் வந்தால் இது தலைவலியாகும். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தில் தீயணைப்பு வீரர்கள் இறந்ததன் நினைவாக அன்றிலிருந்து ஒரு வாரம் தீயணைப்பு வாரம். நமக்கு அன்று தமிழ்ப் புத்தாண்டும்கூட. எல்லாக் கட்டடமும் ஒரே வாரத்தில் தீ ஒத்திகை நடத்த ஆசைப்படும், நம் ஆட்கள் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். சோதனைகளை மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

படி 10: ஏதாவது ஆகிவிட்டால்

பெல்ட்டில் தொங்குகிறவரை இறக்க எத்தனை நிமிடம் ஆகும், யார் இறக்குவார், எந்த ஏணியால்? இதை எழுதாத உயர வேலைத் திட்டம் முழுமையில்லை. அசையாமல் தொங்கினால் கால் பட்டையால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். 108-க்கு அழைப்பவர் ஒருவர், கேட்டில் நின்று வண்டியை வழிநடத்துபவர் ஒருவர், இருவர் பெயரும் எழுதியிருக்கட்டும். பெரிய வளாகங்களில் எந்த கேட் என்று தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காலையில் 5 நிமிடப் பேச்சு தினமும் வேண்டும். அன்றைய பக்கத்தை மட்டும் பேசுங்கள். தமிழில் ஒருமுறை, ஹிந்தியில் ஒருமுறை. பேசி முடித்ததும் நடுவில் நிற்கும் யாராவது ஒருவரைப் பார்த்து, "தம்பி, இன்னிக்கு எப்ப நிறுத்துவ?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் திரும்பவும் முதலிலிருந்து.

படி 11: திருப்பிக் கொடுப்பது

சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது இந்தப் படி தொலைந்துபோகும். வால்வை மூடும்போது கைச்சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று டேக்கிலேயே எழுதச் சொல்லுங்கள். திறக்கும்போது அதே எண்ணிக்கை வரவேண்டும். 14 சுற்றில் மூடிய வால்வு 9 சுற்றில் இறுகிக்கொண்டால் அது பாதிதான் திறந்திருக்கிறது. டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீர் ஓடும்போது கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள், போன முறை எழுதிய எண்ணோடு ஒத்துப்போகவேண்டும். டீசல் பேட்டரி ஒயர் மாட்டியாயிற்றா? மூன்று பம்ப்பும் ஆட்டோவில் இருக்கிறதா? ஆக்சுவேட்டர் எத்தனை கழற்றினோமோ அத்தனையும் மாட்டியாயிற்றா? காலையில் மூடியவரே மாலையில் திறக்கட்டும். அவர் சீக்கிரம் போய்விட்டார் என்றால் போனில் பிடித்துப் பேசிவிட்டு, யார் பேசினார் என்று எழுதிய பிறகு இன்னொருவர் திறக்கலாம். அப்புறம் வால்வுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, டேக்கைக் கிழித்து, கீழே செக்யூரிட்டி ரூமுக்குப் போய், காலையில் பதிவேட்டில் எழுதிய அதே வரிக்கு எதிரே நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.